கொட்டான் பின்னினால் பென்ஷன் போய்விடுமா? வருமான வரம்பைக் கணக்குப் போடும் முறை

அப்பா மத்திய அரசு ஊழியர். அவரும் அம்மாவும் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் என் தங்கைக்கு வர வேண்டும். போலியோவில் இரண்டு காலும் போனவள், காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) பின்னுகிறாள், முகூர்த்த மாதங்களில் 11,000 வரை வரும். வங்கியில் கேட்டால், "அண்ணே, 9,000 தாண்டுனா கிடையாது" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அது பழைய விதி, அதையும் அகவிலை நிவாரணத்தை, அதாவது விலைவாசிக்காக ஓய்வூதியத்தோடு சேர்த்துத் தரும் தொகையை, விட்டுவிட்டுப் பாதியாகச் சொன்னது. 2021 பிப்ரவரியில் மாற்றிவிட்டார்கள். இப்போது குடும்ப ஓய்வூதியமும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைதான் வரம்பு.

ஊனச் சான்றிதழ், பிபிஓ (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருக்கும்போதே பிள்ளை பெயரை பிபிஓவில் சேர்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அடுத்து பிபிஓவில் குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு என்று பாருங்கள். நான் சறுக்கியது இங்கேதான். இரண்டு தொகை இருக்கும், ஒன்று உயர்த்தப்பட்ட விகிதம், மற்றது சாதாரண விகிதம், அதாவது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். நமக்கு வேண்டியது சாதாரணம். நான் பெரிய தொகையைப் பார்த்து வரம்பு ரொம்ப அதிகம் என்று இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன்.

அதோடு அகவிலை நிவாரணத்தைக் கூட்டுங்கள். கடைசிச் சம்பளம் 40,000 என்றால் 12,000, 2024 ஜனவரி விகிதமான 50 சதவீதப்படி இன்னொரு 6,000, ஆக 18,000. பிள்ளையின் மாத வருமானம் இதற்குள் இருந்தால் போதும். விகிதம் அவ்வப்போது ஏறும், அதனால் பழைய கணக்கை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

வருமானத்தை எழுத ஆப் எல்லாம் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எத்தனை கொட்டான், யார் வாங்கினார், எவ்வளவு. வருடா வருடம் வருமானச் சான்று கொடுக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு ஆத்தங்குடியிலிருந்து ஒருவர் வாடகையும் சேருமா என்று கேட்டிருந்தார். சேரும். உழைத்துச் சம்பாதிப்பது மட்டும் வருமானம் என்று நானும் நினைத்திருந்தேன். வங்கி வட்டி உட்பட, இந்த ஓய்வூதியம் தவிர மற்ற எல்லாமே கணக்கில் வரும். மாநில அரசின் மாத உதவித்தொகை வாங்குவதற்கான விதி வேறு, அதைப் போட்டு இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.