ரங்கூனில் ஒரே நாளா? முதலில் கிழமையைப் பாருங்கள்

"மாமா, திங்கட்கிழமை வர்றோம், ஒரு நாள்தான் இருப்போம்" என்று ஊரிலிருந்து போன் வந்தாலே எனக்குத் தெரிந்துவிடும், இவர்கள் காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் போட்டவர்கள் என்று. பெரியவர்கள் இன்னும் ஸ்காட் மார்க்கெட் என்று சொல்லும் போஜோ ஆங் சான் மார்க்கெட்டுக்குத் திங்கள்தான் விடுமுறை. அரசு விடுமுறை நாட்களிலும் பூட்டுதான். 1926-இல் கட்டிய அந்த மார்க்கெட்டின் பூட்டிய கதவோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

அடுத்த தவறு, குன்றின்மேல் இருக்கும் ஷ்வேடகோன் புத்தர் கோயிலுக்கு மத்தியானத்தில் போவது. காலையில் சூலே பகோடா, சிட்டி ஹால், மகாபந்தூலா பூங்கா என்று சுற்றிக்காட்டிவிட்டு, உச்சிவெயிலில் அங்கே கொண்டுபோய் நிறுத்தும் கைடுகள் இருக்கிறார்கள். வெறுங்காலோடுதான் ஏற வேண்டும், சாக்ஸும் கூடாது. அந்நேரத்தில் பளிங்குத் தரை தோசைக்கல் மாதிரி இருக்கும். கிட்டத்தட்ட 99 மீட்டர் உயரத் தங்கக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வந்தவர்கள் நிழலைத் தேடி ஓடுவார்கள். விடியற்காலையில் போங்கள், முடியாவிட்டால் வெயில் தாழ்ந்ததும் போங்கள்.

செருப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். நான்கு பக்கமும் வாசல். தெற்கில் கழற்றி வைத்துவிட்டு, மேலே வலம் வந்ததில் திசை தெரியாமல் கிழக்கில் இறங்கினால், செருப்புக்காகக் குன்றைச் சுற்ற வேண்டியதுதான். பையில் போட்டுக் கையோடு கொண்டுபோவது நல்லது. முழங்கால் தெரியும் டிரவுசரும் கையில்லாத சட்டையும் வேண்டாம்.

அப்புறம், பிறந்த கிழமையைத் தெரிந்துகொண்டு வாருங்கள். கோபுரத்தைச் சுற்றி எட்டுக் கிழமைகளுக்கு எட்டு இடங்கள். ஏழுதானே என்பீர்கள். பர்மியர்கள் புதன்கிழமையை இரண்டாகப் பிரித்து, மதியத்துக்கு மேல் பிறந்தவர்களை ராகுவிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு விலங்கு உண்டு; முற்பகல் புதனுக்குத் தந்தமுள்ள யானை, பிற்பகலுக்குத் தந்தமில்லாத யானை. அவரவர் கிழமைக்குரிய புத்தருக்கு நீரூற்றுவதுதான் வழக்கம். கிழமை தெரியாமல் அங்கே நின்று அம்மாவுக்குப் போன் போடுபவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வாங்குவதில் பெரிய தவறு மாணிக்கமும் ஜேடு என்கிற பச்சைக்கல்லும்தான். சாயம் ஏற்றிய கல், செயற்கைக் கல் எல்லாம் கலந்து கிடக்கும். கல்லைப் பற்றித் தெரியாதவர் தெருவில் பொட்டலம் பிரித்துக் காட்டுபவரிடம் வாங்கவே கூடாது. வாங்கியே தீர வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடைக்குப் போய், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வெளியேறும்போது கேட்பார்கள். பழங்கால புத்தர் சிலைகளை நாட்டைவிட்டு எடுத்துப்போகத் தடை உண்டு. என்னைக் கேட்டால், பகான் என்ற ஊரிலிருந்து வரும் அரக்குக் கிண்ணங்களையே சொல்வேன். மூங்கில் பின்னலில் மரப்பாலைப் பூசிப் பூசிக் காயவைப்பதால் ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். குதிரை முடி சேர்த்துப் பின்னிய நல்ல கிண்ணத்தின் விளிம்பை அமுக்கினால் வளைந்து கொடுத்துத் திரும்பும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அமுக்குங்கள்!

கைடு தானாக ஒரு கடைக்குக் கூட்டிப்போனால் அங்கே அவருக்குக் கமிஷன் இருக்கலாம். வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். டாக்சிக்கு மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

சென்னை பர்மா பஜாரில் நூடுல்ஸ் அத்தோ சாப்பிட்ட ருசியில் இங்கே வந்து வெறும் 'அத்தோ' கேட்காதீர்கள். இங்கே அது பிசைந்தது என்கிற பொதுப் பெயர், எதைப் பிசைவது என்று திருப்பிக் கேட்பார்கள். நூடுல்ஸுக்கு இங்கே பெயர் கௌஸ்வே. மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் மொஹிங்காவைக் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

கைடுகள் வேகமாகக் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அனோரதா சாலையில் 1871-இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில். சூலேயிலிருந்து நடந்தே போகலாம். அங்கே கைடு எதற்கு, பூசாரியிடம் தமிழிலேயே கேட்கலாம்.