கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோருக்குத் துணைநிற்கும் தன்னார்வலர்களுக்கு

முதல் தடவை வரும் பெற்றோருக்கு உடனே ஆலோசனை சொல்லாதீர்கள். 20 நிமிடமாவது பேச விடுங்கள். "சோம்பேறிப் பிள்ளை" என்ற பழியைப் பல வருடம் கேட்டுக் களைத்துப்போய்த்தான் வந்திருப்பார்கள். டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதையும் பிழையின்றி எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, அறிவுக்குறைவும் அல்ல, வளர்ப்பின் கோளாறும் அல்ல என்பதை அடித்துச் சொல்லுங்கள். ஆனால் "உங்கள் குழந்தைக்கு இதுதான்" என்று நீங்கள் முடிவுகட்டக் கூடாது; அது மதிப்பீடு செய்யும் உளவியலாளரின் வேலை. அதற்கு முன் கண், காது பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, ஒரு கோப்பு போடச் சொல்லுங்கள்: மதிப்பீட்டு அறிக்கை, மதிப்பெண் அட்டைகள், பள்ளிக்கு எழுதிய கடிதங்கள், தேதியிட்ட நோட்டுப் பக்கங்கள் நான்கைந்து. பள்ளியில் பேசும்போது இந்தப் பக்கங்கள்தான் கைகொடுக்கும். ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த ஆசிரியர், "முயற்சி போதாது" என்று சொல்லத் தயங்குவார். "கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்று பொதுவாகக் கேட்டால் எதுவும் நடக்காது. தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துக் காட்டுவது என்று குறிப்பாக, இரண்டு மூன்று மட்டும் கேட்கட்டும். ஒப்புக்கொண்டதை அன்றே எழுத்தில் அனுப்பட்டும்.

குழுக் கூட்டத்தில் 10 பேருக்கு மேல் சேர்ந்தால் கூச்சமுள்ளவர்கள் வாயே திறக்க மாட்டார்கள், இரண்டாகப் பிரியுங்கள். "மூன்றே மாதத்தில் குணம்" என்ற விளம்பரங்களை உள்ளே விடாதீர்கள். யாராவது "இனி என்னால் முடியாது" என்று உடைந்தால், தனியே அழைத்துப் பேசி, அன்றே மனநல உதவிக்குச் சேர்த்துவிடுங்கள்.