அடைமழையில் வீட்டுத்தோட்டம்: கை பழகிப்போய் நாம் செய்யும் தவறுகள்

மதுரைப் பக்கம் செடி வளர்ப்பவர்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பழகிய கை. மண்ணில் ஈரத்தை எப்படி நிறுத்துவது என்பதே வருஷம் முழுக்க யோசனை. செடியைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டுவோம், தொட்டிக்கு அடியில் தட்டு வைப்போம், மண் கலவையில் தேங்காய் நார்க்கழிவைக் கூடுதலாகவே போடுவோம். பங்குனி, சித்திரையில் இவைதான் செடியைக் காப்பாற்றும். ஐப்பசி, கார்த்திகையில் வழக்கத்தை மீறி மழை கொட்டும் வருஷத்தில் இதே ஏற்பாடுகள் செடியைக் கொன்றுவிடும். வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளிவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். மழைக்காலத் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

அதில் மோசமானது, வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. மூன்று நாள் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் தக்காளியும் மிளகாயும் தலையைத் தொங்கப் போடும். "ஐயோ, வாடிப்போச்சே" என்று உடனே குவளையை எடுக்கிறோம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் அது தாகம் இல்லை. கெட்டுப்போன வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அவ்வளவுதான். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். சில்லென்று ஒட்டிக்கொண்டு வந்தால் குவளையை வைத்துவிட்டு, தொட்டியின் ஓரத்தில் மண்ணைக் கிளறி ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறியிருக்கும். இரண்டு விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் கழன்று வந்து நடுநரம்பு மட்டும் மிஞ்சும். மண்ணிலும் சாக்கடை வாடை அடிக்கும். பாதி வேராவது வெள்ளையாக இருந்தால் செடி பிழைக்கும். காய்களைப் பறித்துவிட்டு, கிளைகளைக் கொஞ்சம் கழித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து மண்ணை உலர விடுங்கள்.

மாடித்தோட்டக்காரர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 600 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 2,700 லிட்டருக்கு மேல் இறங்குகிறது. இவ்வளவும் மூலையில் இருக்கும் ஒரே குழாய் வழியாகப் போக வேண்டும். அதன் வாயில் நாலு இலை அடைத்தால் செடி வளர்க்கும் பைகள் (குரோ பேக்) எல்லாம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்கும். மழைக்கு முன்னால் அந்தக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொரு குரோ பேக்கின் துளையையும் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். வேரும் நார்க்கழிவும் சேர்ந்து உள்ளிருந்தே அடைத்திருக்கும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டுகளை எடுத்துவிடுங்கள், டெங்கு பரப்பும் கொசு அந்தத் தண்ணீரில்தான் முட்டையிடும். புதிதாகக் கலவை போடுபவர்கள் நார்க்கழிவைக் குறைத்து மணலைக் கூட்டுங்கள்.

தரையில் போடுபவர்களுக்கு மண் முக்கியம். மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் வடியும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசலில் நின்றால் நின்றதுதான். கரிசலில் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி இல்லாமல் மழைக்காலத்துக் காய்கறியை நினைக்காதீர்கள். கோடையில் கட்டிய வட்டப்பாத்தியின் வரப்பை ஒரு பக்கம் வெட்டிவிட்டு, தூரில் மண் அணைத்து விடுங்கள். ஈரக் கரிசலில் இறங்கி மிதிக்கவோ கொத்தவோ கூடாது. மிதித்த இடம் காய்ந்ததும் இறுகிப்போகும், வேர் உள்ளே இறங்காது. களை நாலு நாள் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. மாடக்குளம், வண்டியூர் போன்ற கண்மாய்களை ஒட்டிய வீடுகளில் கண்மாய் நிறைந்தால் நிலத்தடி நீரும் ஏறி வரும். அங்கே எவ்வளவு வாய்க்கால் வெட்டினாலும் ஓரிடத்தில் ஈரம் நிற்கத்தான் செய்யும். அந்த இடத்தில் மல்லுக்கட்டாமல் சேம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணி போடுங்கள். முருங்கையை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

ஆடியில் விதைத்தவர்களுக்கு இந்நேரம் செடி கெட்டிப்பட்டிருக்கும். விட்டுப்போனவர்கள் அடைமழையில் மிளகாய், தக்காளி விதையைத் திறந்தவெளியில் தூவுவது வீண். முளைத்த நாற்றின் தண்டு மண்ணை ஒட்டி மெலிந்து ஒடிந்து விழும்; நாற்றழுகல் நோய். குழித்தட்டில், மழைச் சாரல் படாத, ஆனால் வெளிச்சம் வரும் இடத்தில் நாற்று விடுங்கள். விதைக்கும் முன், நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியின் தூளை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கலப்பது பரிந்துரை. வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகையில் விதையைப் புரட்டினாலே போதும். யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் இது பற்றி நேரிலேயே விசாரிக்கலாம். டிரைக்கோடெர்மா போட்ட மண்ணில் தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியையும் ஊற்றிவிடாதீர்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதானே, அதுவும் செத்துப்போகும்.

மழைக்குப் பயந்து செடியைப் பாலித்தீனால் சுற்றி மூடுவதும் தவறு. உள்ளே புழுக்கம் ஏறி, நோய் இரட்டிப்பாகும். மேலே மட்டும் சரிவாகக் கட்டி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். கோடைக்குக் கட்டிய பச்சை வலையையும் கழற்ற வேண்டும். மேகமூட்டத்தில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது மறைக்கிறது.

அடி இலை மஞ்சளானதும் பலர் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். மழையில் தழைச்சத்து கரைந்து போவது உண்மைதான். ஆனால் நனைந்து கிடக்கும் வேர் அதை எடுக்காது, அடுத்த மழை அதையும் கரைத்துக்கொண்டு போகும். மண் பொலபொலவென்று ஆகும் வரை பொறுத்து, தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பிடி வையுங்கள். அவசரம் என்றால் 3 சதவீத பஞ்சகவ்யா, அதாவது லிட்டருக்கு 30 மில்லி, வெயில் வந்த நாளில் இலையில் தெளியுங்கள். வேப்பெண்ணெய்க்கும் இதேதான்: மழை வரப்போகிற மாலையில் தெளித்தால் அத்தனையும் கழுவிப் போய்விடும்.

நத்தைக்கு உப்புத் தூவாதீர்கள். நத்தை சாகும், ஆனால் உப்பு மண்ணிலேயே தங்கி வேரைக் கெடுக்கும். ராத்திரி ஈரச் சாக்கைப் பாத்தி ஓரம் விரித்துப் போட்டால் காலையில் அதன் அடியில் கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி எடுத்துவிடலாம்.

கொடிகளில் பூ நிறைய இருந்தும் பிஞ்சு பழுத்து உதிர்கிறதா? நோய் என்று நினைத்து மருந்தைத் தேடாதீர்கள். மழையில் தேனீ பறப்பதில்லை, மகரந்தமும் நனைந்து வீணாகிறது. காம்புக்குப் பக்கத்தில் குட்டிக் காய் போலப் புடைத்திருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, அதன் நடுவைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தேய்த்து விடுங்கள். பூசணிக்கும் பாகற்காய்க்கும் காலையில் சீக்கிரம். சுரையும் பீர்க்கும் மாலையில் பூப்பவை; மழை விட்ட சாயங்காலத்தில் ஒரு நடை போய் வந்தால் போதும்.