ஏஐ ஏஜென்டுக்கான இணைப்புச் சோதனைக் கருவி: விவரக்குறிப்பு எழுதும் முறை

நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. அறைப் பதிவுகளை ஓர் ஏஐ ஏஜென்ட் (கருவிகளை அழைத்துத் தானே வேலை பார்க்கும் மென்பொருள்) கவனிக்கிறது என்று வையுங்கள். பதிவுத் தளம் திறக்கவில்லை. கோளாறு விடுதி ரவுட்டரிலா, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸிலா, அந்தப் பக்கச் சர்வரிலா? இதைக் கண்டறிய பைதானில் ஒரு சின்னச் சோதனைக் கருவி எழுதியாயிற்று. ஆனால் ஏஜென்ட் உங்கள் நிரலைப் பார்ப்பதில்லை. அதன் கைக்குப் போவது கருவியின் பெயர், விவரிப்பு, உள்ளீட்டு ஜேசன் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வகை என்று சொல்லும் பட்டியல்), பிறகு திரும்பிவரும் விடை. இவற்றில் எழுதாத எதையும் அது ஊகிக்கும். ஊகத்தைத் தயங்காமல் சொல்லும்.

படி 1: பெயர்

ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டும் போதும். பரவலாகப் பயன்படும் ஏபிஐகள் (ஏஐயை நிரலிலிருந்து அழைக்கும் வழிகள்) கருவிப் பெயரில் தமிழ் எழுத்தை ஏற்காது. விவரிப்பைத் தமிழில் எழுதத் தடையில்லை.

படி 2: விவரிப்பு

மூன்று நான்கு வாக்கியம். எதைச் செய்யும், எப்போது அழைக்க வேண்டும், எதைச் செய்யாது. கீழே வரும் போர்ட் என்பது சர்வரில் ஒரு சேவைக்கான வாசல் எண்; டிசிபி அங்கே இணைப்பு ஏற்படுத்தும் முறை; டிஎல்எஸ் சான்றிதழ் தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்வது. மாதிரி:

“கொடுத்த முகவரியின் போர்ட்டுக்கு டிசிபி இணைப்பு எடுபடுகிறதா, 443 என்றால் டிஎல்எஸ் சான்றிதழ் செல்லுமா என்று பார்க்கும். ஒரு தளம் திறக்காதபோது, காரணம் சொல்வதற்கு முன் அழைக்கவும். இணைய வேகத்தை அளக்காது. பக்கத்தின் உள்ளடக்கத்தைப் படிக்காது.”

பிங் போதாதா என்று கேட்பீர்கள். பிங் அனுப்பும் ஐசிஎம்பி செய்தியை மறிக்கும் சர்வர்கள் ஏராளம். பிங்குக்குப் பதில் வராது, தளம் நன்றாக ஓடும். போதாக்குறைக்கு, விண்டோஸில் பிங் 4 தடவையோடு நிற்கும். லினக்ஸில் எண்ணிக்கை கொடுக்காவிட்டால் நிற்கவே நிற்காது, ஏஜென்டும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

படி 3: உள்ளீடு

முகவரி: பெயர் மட்டும். எச்டிடிபிஎஸ் முன்னொட்டோ சாய்கோடோ வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால் முழு யூஆர்எல்லையும் அனுப்பும். போர்ட்: 1 முதல் 65535 வரை, இயல்பாக 443. காத்திருப்பு: வினாடியில், இயல்பாக 5, உச்சம் 15. அலகை எழுத மறந்தால் மில்லிவினாடி என்று எண்ணி 5000 கொடுக்கும். காத்திருப்பே வைக்காவிட்டால், லினக்ஸின் இயல்பமைப்பில் பதிலில்லாத டிசிபி முயற்சி 2 நிமிடத்துக்கு மேல் இழுபடும்.

படி 4: விடைகளின் பொருள்

வெறும் ‘ஆம் / இல்லை’ திருப்பாதீர்கள். ஒவ்வொரு விடைக்கும் அது எதைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர் கிடைக்கவில்லை: எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம், டிஎன்எஸ் செயலிழந்தும் இருக்கலாம். நன்கு தெரிந்த இன்னொரு பெயரைச் சோதித்துவிட்டுத்தான் முடிவு.

இணைப்பு மறுக்கப்பட்டது, நேரம் கடந்தது: இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கிண்ணியாவில் ஒரு கடைக்கு ஆளனுப்புகிறீர்கள். ‘கடை பூட்டு’ என்று திரும்பிவந்து சொன்னால், பாதை சரி. ஆளே திரும்பாவிட்டால் பாலத்திலா, சந்தியிலா, கடையிலா சிக்கல் என்று யார் கண்டது? மறுப்பு என்றால் பதில் வந்திருக்கிறது; அந்தப் போர்ட்டில் கேட்பாரில்லை, அல்லது ஃபயர்வோல் மறுத்திருக்கிறது. நேரம் கடந்தால் ‘சர்வர் செயலிழந்தது’ என்று சொல்லக்கூடாது என்றே எழுதிவிடுங்கள்.

சான்றிதழ் பிழை: முதலில் கருவி ஓடும் கணினியின் திகதியைப் பார்க்கச் சொல்லுங்கள். ராஸ்பெரி பை 4 போல பற்றரிக் கடிகாரம் இல்லாத பலகைகளில், கரண்ட் போய் வந்தால் நேரம் பின்தங்கிவிடும். நல்ல சான்றிதழும் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று தெரியலாம்.

இணைப்பு கிடைத்தது: இதையும் முழுதாக நம்ப வேண்டாம். விடுதி வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் இருந்தால், போர்ட் 80இல் பதில் சொல்வது அந்தப் பக்கமாகவே இருக்கலாம். 204 (உள்ளடக்கம் இல்லை) என்ற எச்டிடிபி குறியீட்டை மட்டுமே திருப்பும் ஒரு முகவரியைக் கேட்டுப் பாருங்கள். 200 (பக்கம் வந்தது) அல்லது 302 (வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டது) வந்தால் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள்.

படி 5: எல்லைகள்

10, 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகள், 172.16 முதல் 172.31 வரை, அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1, கிளவுட் இரகசியங்கள் இருக்கும் 169.254.169.254 ஆகியவை தடை என்று எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, நிரலிலும் மறியுங்கள். பெயரை ஐபியாக மாற்றிய பிறகு சோதித்து, அதே ஐபிக்கே இணையுங்கள். வெளிப்பெயர் ஒன்று உள்முகவரியைக் காட்டலாம்.

படி 6: எழுதியதைச் சோதித்தல்

‘.invalid’ (இன்வேலிட்) என்று முடியும் பெயர் எப்போதும் கிடைக்காது. 192.0.2.1 விளக்க நூல்களுக்கென ஒதுக்கிய முகவரி. பெரும்பாலும் நேரம் கடக்கும். மறுப்பைப் பார்க்க 127.0.0.1இல் பயன்படாத போர்ட் ஒன்று போதும், ஆனால் படி 5இன் தடை குறுக்கே வரும். சோதனைக்கென்று தனி அனுமதி வையுங்கள். மூன்றையும் ஏஜென்டிடம் கொடுத்து, “தளம் ஏன் திறக்கவில்லை?” என்று கேளுங்கள். 192.0.2.1க்கு ‘சர்வர் விழுந்துவிட்டது’ என்று பதில் வந்தால், நிரலைத் தொடாதீர்கள். படி 4இன் வாசகத்தைத் திருத்திவிட்டு மறுபடி கேளுங்கள்.