சமணர் மலைக்கு விடிந்ததும் கிளம்புங்கள்

ஊருக்குப் போகிறவர்கள் மதுரையில் மீனாட்சியைப் பார்த்து, ஜிகர்தண்டா குடித்து, மறுநாளே கொடைக்கானலுக்குக் கார் பிடித்துவிடுகிறார்கள். நடுவே ஒரு காலைப்பொழுதைக் கீழக்குயில்குடியில் இருக்கும் சமணர் மலைக்கு ஒதுக்குங்கள். தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை போய்த் திரும்பினால் வந்துவிடும். ஆட்டோவில் போனால் காத்திருப்பதற்கும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள், திரும்பி வர அங்கே வண்டி கிடைப்பது சிரமம்.

ஆறு, ஆறரைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். போன ஜூலையில் பிள்ளைகளைக் கிளப்புவதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது. அய்யனார் கோயிலில் கழற்றிய செருப்பை, சின்ன மலைதானே என்று அங்கேயே விட்டுவிட்டு ஏறினோம். இறங்கும்போது பாறை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. மகன் என் துண்டை விரித்து அதன்மேல் நின்றான், நான் குதித்துக் குதித்து வந்தேன். பிடிப்புள்ள ஷூவும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். மழை பெய்திருந்தால் வழுக்கும், அன்றைக்குப் போகாதீர்கள்.

பாறையில் வெட்டிய படிகளில் கொஞ்ச தூரம் ஏறியதும் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் சமண ஞானிகளான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஐந்தலை நாகம் குடை பிடிப்பவர் பார்சுவநாதர், கொடி சுற்றிய கால்களோடு நிற்பவர் பாகுபலி. கீழே இருப்பது வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு, 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம்மால் ஓர் எழுத்துகூட வாசிக்க முடியாது, ஆனாலும் தமிழ்தான். அதில் ஒரு சிற்பம் அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதியார் செய்வித்தது. துறவியாகிப்போன மகனின் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தாய் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். எனக்கு மலை உச்சியைவிட இந்த இடம்தான் பெரிது.

இன்னும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமண மடத்தின் அடித்தளமும், உச்சியில் கன்னடக் கல்வெட்டோடு விளக்குத்தூண் இருந்த இடமும் உண்டு. வடக்கே பெயருக்கேற்ப நாகமலை பாம்பாக நீண்டு கிடக்கும், தென்கிழக்கே திருப்பரங்குன்றமும் கிழக்கே நகரமும் தெரியும். விளிம்பில் நின்று செல்ஃபி வேண்டாம், கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது.

இறங்கியதும் செட்டிப்புடவு என்ற குகைக்கு வழி கேட்டுப் போங்கள், அது மலையின் இன்னொரு பக்கம். குகை வாசலில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரின் நீண்ட காதுகளைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியாராக்கிவிட்டார்கள். உள்ளே சிங்கத்தின் மேல் ஒரு பெண் யானைவீரனோடு போரிடுகிறாள், டார்ச் அடித்துப் பாருங்கள். படி ஏற முடியாத அம்மா, அப்பா இருந்தால் அய்யனார் கோயில் ஆலமர நிழலில் தாமரைக் குளத்தைப் பார்த்து உட்காரட்டும். திரும்பி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொந்தம் விசாரித்து முடித்திருப்பார்கள்.