நண்பருக்குக் கைமாற்று கொடுக்கும்போது

நண்பர் பணம் கேட்டால் தொகைக்கு முன் தேவையைக் கேளுங்கள். மருத்துவச் செலவா, கல்லூரிக் கட்டணமா, பழைய கடனை அடைக்கவா? கடைசி வகை என்றால், கூட உட்கார்ந்து எல்லாக் கடனையும் வட்டியோடு ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதுதான் பணத்தைவிடப் பெரிய உதவி.

திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீட்டுச் செலவு தடுமாறாத தொகையை மட்டும் கொடுங்கள். ஐம்பதாயிரம் கேட்டவருக்குப் பத்தாயிரம்தான் முடியும் என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று இழுப்பது, அவர் வேறு வழி தேட வேண்டிய நாட்களைத் தின்றுவிடும். மறுப்பைவிட அதுதான் கொடுமை.

ரூ.20,000 அல்லது அதற்கு மேல் என்றால் வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்குத்தான் அபராதம்.

எழுதி வாங்கத் தயங்க வேண்டாம். உங்கள் இருவருக்குள் நம்பிக்கை இருக்கலாம்; நாளை ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கணக்குத் தெரியாத இரண்டு குடும்பங்கள்தான் மோதிக்கொள்ளும். புரோநோட்டில் (பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் எழுதித் தரும் சீட்டில்) தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்க வேண்டும். தேதியும், வட்டி உண்டா இல்லையா என்பதும் வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் குறுக்கே அவர் கையெழுத்திட வேண்டும். கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டு என்றால், வழக்குப் போட எழுதிய நாளிலிருந்து காலவரம்பு 3 ஆண்டுகள். அதற்குள் தரும் தொகையைப் பின்புறம் தேதியோடு வரவு எழுதி அவர் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மறுபடியும் 3 ஆண்டுகள்.

ஜாமீன் கையெழுத்து வேறு விஷயம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, வேறு ஏற்பாடு இல்லாதபோது கடன் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. வங்கி நேராக உங்களிடமே வரலாம். முழுக் கடனையும் நீங்களே கட்டத் தயார் என்றால் மட்டும் போடுங்கள்.

தவணை தவறினால் பெரும்பாலானோர் வெட்கத்தில் போனை எடுப்பதில்லை. அதை ஏமாற்று என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பணத்தைப் பற்றிப் பேசாமலும் அவ்வப்போது கூப்பிடுங்கள், வீட்டு விசேஷங்களுக்கு அழையுங்கள். பழக்கம் அறுந்தால் பணம் வரும் வழியும் அடைபடும். கேட்கும்போது தனியாகக் கேளுங்கள். மனைவி மக்கள் முன்னாலோ வாட்ஸ்அப் குழுவிலோ வேண்டவே வேண்டாம். மொத்தமாக முடியாதவருக்கு மாதம் ஆயிரம் முடியுமா என்று நீங்களே வழி சொல்லுங்கள்.

விட்டுவிடுவதென்று முடிவு செய்தால், அதை அவரிடம் வாய்திறந்து சொல்லி, நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு மூன்றாம் மனிதரிடம் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.