தசை வலுவூட்டும் பயிற்சிப் பழக்கத்தை வினாநிரல் கொண்டு அளப்பது எப்படி?

இடுப்பில் கட்டும் முடுக்கமானி (உடல் அசைவை அளக்கும் சிறு கருவி) நடையையும் ஓட்டத்தையும் நன்றாகப் பதிவு செய்யும். ஆனால் பலகையில் படுத்தபடி எடை தூக்குபவரின் இடுப்பு அசைவதில்லை என்பதால், அவர் அரை மணி நேரம் வியர்க்க உழைத்தாலும் ஏறக்குறைய ஓய்வில் இருந்ததாகவே அக்கருவி காட்டும். எனவே, பெருந்திரளான மக்களின் தசை வலுவூட்டும் பயிற்சியை அறிய அவர்களிடமே கேட்பதுதான் இன்றும் நடைமுறைக்கு உகந்த வழியாக உள்ளது.

எதனோடு ஒப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்தில் 2 நாட்களோ அதற்கு மேலோ, எல்லா முக்கியத் தசைத் தொகுதிகளும் ஈடுபடும்படி, மிதமான அல்லது அதற்கும் கூடுதலான தீவிரத்தில் இப்பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்கிறது. இதில் நாள், தசை, தீவிரம் என மூன்று அளவைகள் இருக்கின்றன. பெரும்பாலான கணக்கெடுப்புகளோ நாட்களை மட்டுமே கேட்டு நிறுத்திக்கொள்கின்றன.

வினாநிரலைத் தேர்ந்தெடுக்கும்போது, பெயர்பெற்றது என்பதாலேயே ஒன்றை எடுத்துவிடக் கூடாது. உடல் இயக்கத்தை அளக்கும் வினாநிரல்களான ஐபேக் (IPAQ), ஜிபேக் (GPAQ) ஆகிய இரண்டும் உலகெங்கும் பயன்பட்டாலும், தசை வலுவூட்டும் பயிற்சியைத் தனியாகக் கேட்பதில்லை. பாரம் தூக்குவதை மண் வெட்டுவது போன்ற கடின உழைப்போடு சேர்த்தே கேட்பதால், கிடைத்த நிமிடங்களிலிருந்து பயிற்சியைப் பின்னர் பிரித்தெடுக்க வழியில்லை. நாட்டளவிலான நீண்ட கணக்கெடுப்பில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் உண்டென்றால், அமெரிக்காவின் நடத்தைசார் இடர்க்காரணிக் கணக்கெடுப்பிலோ ஐரோப்பிய நலவாழ்வு நேர்காணல் கணக்கெடுப்பிலோ உள்ள கேள்வியை எடுத்தாளலாம். பழக்கத்தையே ஆராய்வது நோக்கமென்றால், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கி 2022இல் வெளியிட்ட எம்.எஸ்.இ.க்யூ. (MSEQ, தசை வலுவூட்டும் பயிற்சி வினாநிரல்) என்பதையே நான் பரிந்துரைப்பேன். அது எடைக் கருவிகள், சொந்த உடல் எடை, டம்பெல் போன்ற தளர் எடைகளும் ரப்பர் பட்டைகளும், யோகா போன்ற முழுமைநிலைப் பயிற்சிகள் என வகை பிரித்துக் கேட்கிறது.

கேள்வியைவிட, அதற்கு முன்னால் வரும் விளக்கமே பதிலைத் தீர்மானிக்கிறது. எவையெல்லாம் சேரும் (தண்டால், டம்பெல், ரப்பர் பட்டை), எவை சேரா (நடை, ஓட்டம், மிதிவண்டி) என்று எடுத்துக்காட்டுகளுடன் சொல்லாவிட்டால், நாள்தோறும் வேகமாக நடப்பவர் தம் கால்கள் வலுப்பெறுவதை உணர்ந்து, மிக நேர்மையாகவே, "வாரத்தில் 7 நாட்கள்" என்று பதில் சொல்வார். தொழிலில் மூட்டை தூக்குவதையும் வீட்டு வேலையையும் எந்தக் கணக்கில் வைப்பது என்பதையும் அங்கேயே தெளிவுபடுத்த வேண்டும். மொழிபெயர்க்கும்போது, மூலத்தை அறியாத ஒருவரைக் கொண்டு மீள்மொழிபெயர்ப்பு (மீண்டும் மூல மொழிக்கே மாற்றுவது) செய்து ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், சிலரை அருகில் அமர்த்தி, "இந்தக் கேள்வியைக் கேட்டதும் எதையெல்லாம் எண்ணிச் சேர்த்தீர்கள்?" என்று விசாரிப்பது இன்றியமையாதது. மொழிபெயர்ப்பில் சொற்கள் சரியாக இருந்தும் பொருள் நழுவிய இடங்கள் அப்போதுதான் தெரியவரும்.

'எத்தனை முறை' என்பதும் 'எத்தனை நாட்கள்' என்பதும் ஒன்றல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையும் மாலையும் பயிற்சி செய்தவருக்கு 2 முறை, ஆனால் 1 நாள். மாதக் கணக்கில் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: மாதத்துக்கு 8 முறை என்பவர் வாரம் இருமுறை என்ற பொருளில்தான் சொல்லியிருப்பார்; அதை 4.3 வாரங்களால் வகுத்தால் 1.86 வரும், அவர் 2 என்ற எல்லைக்குக் கீழே விழுந்துவிடுவார். இத்தகைய பதில்களை எப்படிக் கையாள்வது என்பதைத் தரவு கைக்கு வருமுன்பே எழுதிவைத்துவிட வேண்டும்.

மொழிபெயர்த்த வினாநிரலுக்கு மூல வினாநிரலின் நம்பகத்தன்மை (மீண்டும் கேட்டாலும் அதே பதில் கிடைப்பது) தானாக வந்து சேராது. புதிதாகச் சோதித்தாக வேண்டும். அதே நபர்களிடம் ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். இடைவெளி அதைவிடக் குறைந்தால் பழைய பதிலை நினைவிலிருந்து ஒப்பிப்பார்கள், மிக நீண்டால் பழக்கமே மாறியிருக்கக்கூடும். ஆம், இல்லை என்ற வகைப் பதில்களுக்குக் காப்பா கெழுவும், நாட்களுக்கும் நிமிடங்களுக்கும் உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழுவும் பொருந்தும் (இரண்டும் இரு முறை சொன்ன பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்கள்), பின்னது 0.75க்கு மேல் இருந்தால் நன்று எனப் பொதுவாகக் கொள்வர். ஏற்புடைமையை, அதாவது அளக்க நினைத்ததையே வினாநிரல் அளக்கிறதா என்பதை, அறிய 7 நாட்கள் பயிற்சிக் குறிப்பேடு எழுதச் சொல்லி, வினாநிரலில் அதே 7 நாட்களைப் பற்றியே கேட்க வேண்டும். வேறு வாரத்தைக் கேட்டுவிட்டு இரண்டும் பொருந்தவில்லை என்று வினாநிரலைக் குறை கூறுவது முறையாகாது.

முடிவுகளை எழுதும்போது, கேட்ட கேள்வியைச் சொல் மாறாமல் அப்படியே தர வேண்டும். நாட்களை மட்டும் கேட்டிருந்தால், "வாரத்தில் 2 நாட்களேனும் செய்வதாகச் சொன்னோர்" என்றுதான் எழுத முடியும். கைகளுக்கு மட்டுமே பயிற்சி செய்பவரும் அந்த எண்ணிக்கையில் இருப்பார் என்பதால், "பரிந்துரையை நிறைவேற்றுவோர்" என்று எழுத, கால், இடுப்பு, முதுகு, வயிறு, மார்பு, தோள், கை ஆகிய ஏழு பகுதிகளைப் பற்றியும் தீவிரத்தைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும்.